கண்ணில் தண்ணீர் வடிந்தால் உடனே களிம்பா?

தை பிறந்து ஆலை அரைவை சூடு பிடித்துவிட்டால், எங்கள் நெல்லிக்குப்பம் பக்கம் மாடுகளுக்குக் கொழுந்தாடைதான் தீனி. 1842-லேயே சர்க்கரை ஆலை வந்த ஊர் இது. கரும்பு வெட்டுகிற வயலில் இருந்து கட்டுக்கட்டாகக் கொழுந்தாடை வீடு வந்து சேரும். மாடும் ஆசையாகத் தின்னும். ஆனால் கரும்புத் தோகையின் ஓரம் அரம் மாதிரி. கட்டுக்குள் தலையை விட்டு இழுக்கும்போது கண்ணைக் கீறிவிடும். அது போதாதென்று, ரோட்டில் போகிற கரும்பு டிராக்டர் கிளப்புகிற புழுதி, கொட்டகையில் மொய்க்கிற ஈ. அதனால் அந்த நாலைந்து மாதமும் எங்கள் பக்கம் அடிக்கடி காதில் விழுகிற கேள்வி இதுதான்: "மாட்டுக் கண்ணுல தண்ணியா வடியுது அண்ணே, மெடிக்கல்ல என்ன ஆயின்மென்ட் கேட்டு வாங்கலாம்?"

நான் பார்த்தவரை இதற்கு நம்மிடம் இரண்டு விதமான பதில் இருக்கிறது. ஒன்று, வீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு டியூபை எடுத்துப் பிதுக்கிவிடுவது. ஆயாவுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்தபோது கொடுத்து மிச்சம் இருந்த சொட்டு மருந்தாகக்கூட அது இருக்கும். இன்னொன்று, "நாம இயற்கை விவசாயி, இங்கிலீஷ் மருந்தே வேணாம்" என்று சொல்லி, வெற்றிலை மென்ற எச்சிலைத் துப்புவது, உப்பை ஊதுவது, எருக்கம்பால் விடுவது. இந்த இரண்டாலும் கண் போகும். கண்ணில் பூ விழுந்த மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போனால் என்ன விலை கேட்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஆன்டிபயாடிக் களிம்பு நமக்கு எதிரி இல்லை. அதே சமயம், வீட்டில் இருக்கட்டும் என்று வாங்கி வைக்கிற தைலமும் இல்லை. எப்போது வேண்டும், எப்போது வேண்டாம், போட்டால் பாலையும் சாணத்தையும் என்ன செய்வது என்ற மூன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது நம்ம வேலை.

மண்ணில் பிறந்த மருந்து

முதல் மழை பெய்ததும் மண் வாசனை வருகிறதே, அதைக் கொடுக்கிற நுண்ணுயிர்களில் முக்கியமானது ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்கிற இனம். அதே இனத்தில் இருந்துதான் நாம் பயன்படுத்துகிற பல ஆன்டிபயாடிக்குகள் வந்தன. 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின், 1947-ல் குளோராம்பெனிகால், 1949-ல் நியோமைசின் எல்லாமே மண்ணில் வாழ்கிற உயிர்களிடம் இருந்து பிரித்து எடுத்தவை. டெட்ராசைக்கிளின் குடும்பத்தின் முதல் மருந்தும் அப்படித்தான். கண்ணுக்கும் காதுக்கும் போடுகிற களிம்புகளில் இன்றைக்கும் இந்தப் பெயர்களைப் பார்க்கலாம். ஜீவாமிர்தத்தில் நாம் பெருக்குகிற கூட்டத்தின் சொந்தக்காரர்கள் கொடுத்த மருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மருந்துக்கு வந்திருக்கிற ஆபத்தும் நமக்குப் பழக்கமானதுதான். பருத்திக்கு அடித்த பூச்சிமருந்தைக் காய்ப்புழு தாங்கிக்கொண்டதைப் பார்த்தவர்கள் நாம். பி.டி. பருத்தியிலும் அதுதான் நடந்தது. குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதைத் தாங்கிக்கொண்டு வளர்கிறது என்று 2010-ல் விதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. கிருமிகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. அரைகுறையாக மருந்து படுகிறபோது சாக வேண்டியது சாகும், தாங்கக்கூடியது மிஞ்சிப் பெருகும். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-ல் நோபல் பரிசு வாங்கிப் பேசியபோதே இதைச் சொல்லி எச்சரித்தார். 2019-ம் வருஷம் மட்டும் உலகம் முழுக்க 12.7 லட்சம் பேர் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் இறந்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மாட்டுக் கொட்டகையில் பழகின கிருமி கொட்டகையோடு நின்றுவிடுவதில்லை. பால் கறக்கிற கை வழியாகவும் சாணம் வழியாகவும் வீட்டுக்குள் வருகிறது.

முதலில் காரணத்தைப் பாருங்கள்

கண்ணில் தண்ணீர் வடிவது ஒரு அறிகுறி மட்டும்தான். எந்தக் கண், எத்தனை கண் என்று முதலில் பாருங்கள்.

ஒரு கண்ணில் மட்டும் வடிந்து, மாடு அந்தக் கண்ணைத் திறக்காமல் இடுக்கிக்கொண்டு இருந்தால், பெரும்பாலும் கீறலோ உள்ளே மாட்டிய தூசியோதான். போன அரைவைப் பருவத்தில் என் பசு ஒன்றுக்கு இப்படி ஆனது. கால்நடை மருத்துவர் வந்து, கண்ணின் உள்மூலையில் இருக்கிற மூன்றாவது இமையைத் தூக்கிப் பார்த்தார். நகக்கண் அளவுக்கு ஒரு தோகைத் துண்டு. அதை எடுத்துவிட்டு, ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னத் தாளை நனைத்துக் கண்ணில் தொட்டார். கருவிழியில் ஒரு கோடு பச்சையாக மின்னியது. "பாத்தீங்களா, இதுதான் கீறல். இங்க சாயம் ஒட்டுச்சுன்னா மேல்தோல் போயிருக்குன்னு அர்த்தம். இந்தக் கண்ணுக்கு எதை வேணா போடலாம், ஸ்டீராய்டு இருக்குற மருந்தை மட்டும் தொடக்கூடாது" என்றார். அந்தத் துண்டு உள்ளேயே இருந்திருந்தால், பத்து நாள் களிம்பு போட்டாலும் கண் ஆறியிருக்காது.

இரண்டு கண்ணிலும் வடிந்தால் கொட்டகையைப் பாருங்கள். மூத்திரம் தேங்கி நெடி அடிக்கிற இடத்தில் குனிந்து நின்றால் நமக்கே கண் எரியும், மாடு இரவெல்லாம் அங்கேதான் படுத்திருக்கிறது. கன்றுக்குட்டிக்குக் கண் கலங்கி, சாயங்காலம் ஆனால் தட்டுத் தடுமாறுகிறது என்றால், வைட்டமின்-ஏ குறைவாக இருக்கலாம். மாதக்கணக்கில் வெறும் வைக்கோலையே தின்கிற கன்றுக்கு இது வரும். அதற்கு வேண்டியது பசுந்தீவனமும் மருத்துவர் கொடுக்கிற வைட்டமினும்.

அடுத்தடுத்து நிற்கிற மாடுகளுக்கு ஒவ்வொன்றாகக் கண் சிவந்து, கருவிழியின் நடுவில் வெள்ளையாகப் புள்ளி விழுந்தால் அது தொற்று. மொராக்செல்லா என்கிற பாக்டீரியா செய்கிற வேலை, ஈ அதைச் சுமந்துகொண்டு போகிறது. இதற்குத்தான் உண்மையாகவே ஆன்டிபயாடிக் வேண்டும், அதுவும் சீக்கிரமாக. இங்கே கஷாயம் வைத்துக் காலம் கடத்தக் கூடாது.

களிம்பால் ஆகவே ஆகாதவையும் உண்டு. கண்ணுக்குள் வெள்ளை நூல் மாதிரி நெளிந்தால் அது கண் புழு, அதை வெளியேற்ற வேண்டும். வெள்ளை முகம் உள்ள கலப்பினப் பசுவுக்கு மூன்றாவது இமையில் சிவப்பாகச் சதை வளர்ந்தால் அது புற்றாக இருக்கலாம். சின்னதாக இருக்கும்போதே அறுத்து எடுத்தால் மாடு பிழைக்கும். ஆட்டுக்குக் கண்ணிலும் மூக்கிலும் ஒழுகி, காய்ச்சலும் கழிச்சலும் சேர்ந்தால் ஆட்டுக்கொல்லி நோயோ என்று பயப்பட வேண்டும். நாய்க்குட்டிக்குக் கண்ணில் பீளை கட்டி, இருமலும் வலிப்பும் வந்தால் டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோயாக இருக்கலாம். இந்த இடங்களில் கண்ணுக்குக் களிம்பு போட்டுக்கொண்டு இருப்பது நாளை வீணாக்குவது.

டியூபில் என்ன இருக்கிறது?

எல்லாக் கண் மருந்தும் ஒன்று இல்லை. டியூபின் மேல் இருக்கிற சின்ன எழுத்தைப் படியுங்கள், கண் தெரியாவிட்டால் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

டெக்சாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு மனிதர்களுக்குக் கொடுக்கிற சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கோடு இதுவும் கலந்திருக்கும். சிவப்பு சீக்கிரம் குறையும், நமக்கும் குணமான மாதிரித் தெரியும். ஆனால் கருவிழியில் புண் இருந்தால் அதை ஆறவிடாது, ஆழமாக்கும். கடைசியில் கருவிழி ஓட்டையாகிக் கண்ணே வற்றிப்போகும். அதனால்தான் ஆயாவின் மிச்ச மருந்து மாட்டுக்கு ஆகாது என்கிறேன்.

குளோராம்பெனிகால் என்று இருந்தால், கறவை மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் வேண்டவே வேண்டாம். கேப்சூல் மாதிரி இருக்கும், நுனியைக் கிள்ளிக் கண்ணில் பிதுக்குவோமே, அதுதான். நம் வீடுகளில் ரொம்பக் காலமாகப் புழங்குகிற மருந்து. இது மிகச் சிலருக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவதையே நிறுத்திவிடும். இவ்வளவு வரைக்கும் உடம்புக்குள் போனால் பரவாயில்லை என்று பாதுகாப்பான அளவு எதையும் யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உணவுக்காக வளர்க்கிற கால்நடைகளில் இதைப் பயன்படுத்துவதற்கு மத்திய அரசு 2025 மார்ச்சில் தடை போட்டது. இறால் ஏற்றுமதியில் இதன் எச்சம் இருந்ததால் ஐரோப்பாவில் நம் சரக்கு சிக்கலில் மாட்டியது இருபது வருஷத்துக்கு முந்தைய கதை.

நியோமைசின், பாலிமிக்ஸின்-பி, பேசிட்ராசின் மூன்றும் சேர்ந்த களிம்பு மருந்துக்கடைகளில் நிறையக் கிடைக்கும். நாய்க்கு மருத்துவர்கள் எழுதுவது உண்டு. பூனைக்கு இந்தக் கலவையைக் கண்ணில் போட்டபோது, அரிதாகத்தான் என்றாலும், உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வந்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு. தோலுக்குப் போடுகிற டியூபும் கண்ணுக்குப் போடுகிற டியூபும் ஒரே பெயரில் வரலாம், ஆனால் உள்ளே இருக்கிற களிம்பின் தன்மை வேறு. கண்ணுக்கு உரியது என்று எழுதியிருந்தால்தான் கண்ணுக்கு.

பாலிமிக்ஸினின் உடன்பிறப்புதான் கோலிஸ்டின். வேறு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிக்கு ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கொடுக்கிற மருந்து அது. அதைக் கோழித் தீவனத்தில் கலந்து தீர்த்துக்கொண்டு இருந்ததால், 2019 ஜூலையில் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். பண்ணைகளைக் குறை சொல்கிற நாம், நம் வீட்டு டியூபையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும்.

போட வேண்டும் என்றால் முறையாகப் போடுங்கள்

மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார் என்றால் அரைமனதாகப் போடாதீர்கள்.

முதலில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, 9 கிராம் தூள் உப்பு, அதாவது சுமார் ஒன்றரைத் தேக்கரண்டி போட்டு ஆறவிடுங்கள். சுத்தமான துணியை அதில் நனைத்துப் பீளையைத் துடையுங்கள். ஒரு கண்ணைத் துடைத்த துணி இன்னொரு கண்ணுக்கு வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒருவர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தலையைத் திருப்பிக்கொள்ளட்டும். கீழ் இமையை மெதுவாக இழுத்தால் சின்னப் பை மாதிரி வரும். டியூபின் நுனி கண்ணில் படாமல், அந்தப் பையில் ஒரு நெல்மணி நீளத்துக்குக் களிம்பை விட்டு, இமையை மூடி ஒரு நிமிஷம் பிடியுங்கள்.

களிம்பு கண்ணில் அதிக நேரம் நிற்காது, கண்ணீர் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால்தான் ஒரு நாளைக்கு மூன்று நாலு வேளை போடச் சொல்கிறார்கள். "காலையில கறக்கும்போது ஒரு தடவ தடவிட்டேன்" என்றால் கிருமி சாகாது, மருந்தைப் பழகத்தான் செய்யும். வயலுக்குப் போகிற நமக்கு நாலு வேளை முடியாது என்றால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அவர் ஊசியாகப் போடுவார். எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாளும் போடுங்கள். இரண்டு நாளில் மாற்றமே இல்லை என்றால் திரும்பக் கூப்பிடுங்கள். ஒரு டியூப் ஒரு மாட்டுக்கு மட்டும்தான். திறந்து ஒரு மாதம் ஆனதைக் குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் பத்திரப்படுத்த வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

காது விஷயம் வேறு

வாரத்துக்கு ஒருமுறை நெய்வேலி டவுன்ஷிப்பில் சில வீடுகளுக்குக் காய்கறி கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அங்கே குவார்ட்டர்ஸ் வீடுகளில் லாப்ரடார் மாதிரி காது தொங்குகிற நாய்கள் நிறைய. அவற்றுக்கு மழைக்காலத்தில் காதில் நாற்றமும் அரிப்பும் வந்துகொண்டே இருக்கும். நம் தெருவில் காது விடைத்துக்கொண்டு திரிகிற நாட்டு நாய்க்கு இந்தத் தொல்லை குறைவு. காற்றுப் போகாத ஈரக் காதில் பூஞ்சைக் காளான் வளர்கிறது, காரணம் அவ்வளவுதான். காளானுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. காப்பித்தூள் மாதிரி கறுப்பாக அழுக்கு வந்தால் காதுச் சிற்றுண்ணி, அதற்கும் வேலை செய்யாது. புல் விதையோ உண்ணியோ உள்ளே மாட்டியிருந்தால் எடுத்தால்தான் தீரும்.

கண் களிம்பைக் காதில் விடுகிற பழக்கத்திலும் ஒரு ஆபத்து உண்டு. காது சவ்வு கிழிந்திருக்கும்போது நியோமைசின், ஜென்டாமைசின் உள்ளே போனால் கேட்கும் திறனே போகலாம். சவ்வு நன்றாக இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்காமல் தெரியாது. நாய் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, நடக்கும்போது தள்ளாடினால் நோய் உள்காது வரைக்கும் போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

மாட்டுக்குக் காதில் வருகிற தொல்லையில் முக்கியமானது, அடையாளத்துக்காகக் குத்துகிற மஞ்சள் வில்லை. குத்திய இடத்தில் ஈ உட்கார்ந்தால் புழு வைத்துவிடும். இங்கே நம் மூலிகைக்கு இடம் இருக்கிறது. குப்பைமேனி, வேம்பு, துளசி, மருதாணி இலை ஒவ்வொரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம், இவற்றை அரைத்து அரை லிட்டர் நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ காய்ச்சி ஆறவைத்துப் புண்ணில் தடவலாம். புழு இருந்தால் முதல் நாள் கற்பூரம் கலந்த தேங்காயெண்ணெயோ சீத்தா இலை விழுதோ வைக்க வேண்டும். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் மரபுக் கால்நடை மருத்துவத்தில் பரிந்துரைக்கிற புண் எண்ணெய் இது. நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் புண்ணியமூர்த்தி ஐயா இந்த மரபு மருத்துவத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனதை நம்மில் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். ஆனால் இது வெளிப்புண்ணுக்கு. கண்ணுக்குள்ளும் காதுத் துளைக்குள்ளும் இதை ஊற்றாதீர்கள்.

பாலும் சாணமும்

இயற்கை விவசாயிக்கு மருந்து போடலாமா என்று கேட்பவர்களுக்கு: சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வகுத்த இயற்கை உணவு வழிகாட்டுதலே இதைத் தெளிவாகச் சொல்கிறது. இயற்கைத் தகுதி போய்விடும் என்பதற்காக, வேதனைப்படுகிற மாட்டுக்கு மருந்து கொடுக்காமல் இருக்கக் கூடாது. மருந்து கொடுத்த பிறகு, சட்டம் சொல்கிற நாளைப்போல இரண்டு மடங்கு காத்திருந்துதான் அந்தப் பாலை இயற்கைப் பால் என்று விற்க வேண்டும்.

சட்டம் சொல்கிற நாள் எத்தனை? கால்நடை மருந்தின் லேபிளில் அது போட்டிருக்க வேண்டும். தனியாகக் கணக்கிடாத மருந்தாக இருந்தால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்று 2012-ல் விதி வந்தது. மனிதர்களுக்கு உள்ள டியூபில் இந்த விவரமே இருக்காது. கறவை மாட்டுக்கு அதை வாங்காதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். மருந்து கலந்த பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாக உறையாமல் போகும். மோர்க் கிருமியே வளராத பாலை, நம்மை நம்பி வாங்குகிற வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

நம்மில் அதிகம் பேர் யோசிக்காத இன்னொரு இடம் சாணம். கண்ணில் போடுகிற நெல்மணி அளவு களிம்பால் பெரிய மாற்றம் வராது. ஆனால் கண் நோய்க்கு ஆக்சிடெட்ராசைக்கிளின் ஊசி போட்டால், அதில் நல்ல பங்கு சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியே வருகிறது. அந்தச் சாணத்தில் ஜீவாமிர்தம் கரைப்பது, கிருமியை வளர்க்க வைத்த பானையில் கிருமிக்கொல்லியை ஊற்றுவது. சிகிச்சை நடக்கிற நாளிலும், பால் ஒதுக்கி வைக்கிற நாளிலும், அந்த மாட்டின் சாணம், மூத்திரம் இரண்டையும் ஜீவாமிர்தத்துக்கும் பஞ்சகவ்யத்துக்கும் எடுக்காதீர்கள். தனிக் குழியில் போட்டு நன்றாக மட்கவிடுங்கள். எங்கள் வீட்டுக் கொட்டகைச் சுவரில் ஒரு காலண்டர் மாட்டி வைத்திருக்கிறோம். எந்த மாடு, என்ன மருந்து, எந்தத் தேதி, பால் எந்தத் தேதியில் இருந்து வெளியே போகலாம் என்று என் மனைவிதான் எழுதுவார். பால் வாங்க வருகிறவர்களும் அதைப் படித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

களிம்பே தேவைப்படாமல் இருக்க

கொழுந்தாடையைக் கட்டாக வைக்காமல் நறுக்கிப் போடுங்கள், கண்ணில் கீறுவது பெருமளவு குறையும். தீனித் தொட்டி மாட்டின் கண் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும், தலைக்கு மேலே தொங்கவிட வேண்டாம். மூத்திரம் ஓடுவதற்கு வாய்க்கால் வைத்து, சாணத்தைத் தினமும் அள்ளிக் குழிக்குக் கொண்டுபோனால் நெடியும் போகும், ஈயும் குறையும். கண் சிவந்த மாட்டை மற்றதில் இருந்து தள்ளி, நிழலில் கட்டுங்கள். கடைசியாக அதைத் தொட்டுவிட்டுக் கை கழுவுங்கள். நாயைக் குளிப்பாட்டினால் காதை உலரத் துடையுங்கள். வருஷம் முழுக்க ஒரு கைப்பிடியாவது பச்சை தின்கிற மாதிரி வரப்பில் அகத்தியும் வேலிமசாலும் நடுங்கள்.

கண் விஷயத்தில் ஒரு நாள் என்பது பெரிய நாள். மாடு கண்ணைத் திறக்கவே இல்லை என்றாலோ கருவிழி வெளுத்தாலோ, அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், இல்லையென்றால் 1962-க்குப் போன் போடுங்கள். எங்கள் பக்கத்தில் பெரிய சிகிச்சை என்றால் புதுச்சேரி குருமாம்பேட்டில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் போகிறார்கள். மருத்துவர் வருகிற வரை உப்புத் தண்ணீரில் துடைத்து, நிழலில் கட்டி வைத்தால் போதும். வேறு எதையும் கண்ணில் விட வேண்டாம்.